மூச்சுப் புள்ளி

கோமதிநாயகம் தம் வாழ்நாளில் ஒரே ஒரு கொலைதான் செய்திருக்கிறார். அதையும் மைதாப் பசையால் செய்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு, ஆவணி மாதத்து வியாழக்கிழமை. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இயங்கிவந்த பஃறுளி டிவியில் மாலை ஏழு மணிச் செய்தி. கடல் விழுங்கிய ஓர் ஆற்றின் பெயரை ஒரு டிவிக்கு எதற்கு வைத்தார் என்று நிறுவனரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. அந்த ஆய்த எழுத்து வாயில் நுழையாமல் ஊர் முழுக்க அதைப் ‘பக்குளி டிவி’ என்றே சொன்னது.

செய்தி வாசிப்பவரின் கண்ணுக்குள்ளேயே எழுத்து ஓடுவதெல்லாம் இந்தக் காலத்து சமாசாரம். அன்று அகலமான தாள்களில் கொட்டை எழுத்தில் கையால் எழுதி, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, நீளமான சுருளாக்கி, ஒரு ரப்பர் பட்டையின் மேல் ஓட விடுவார்கள். அதை ஒரு குட்டிக் காமிரா படம் பிடித்து, பெரிய காமிராவின் முன் சாய்த்து வைத்த கண்ணாடியில் காட்டும். பார்க்கிறவர்களுக்கு, வாசிப்பவர் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்கிற மாதிரி இருக்கும். சுருளை எழுதுவது, ஒட்டுவது, ஓட்டுவது மூன்றும் இருபத்தெட்டு வயதுக் கோமதிநாயகத்தின் வேலை. அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து. அத்துடன் வாயைத் திறந்தால் வேடிக்கை.

நிறுவனத்தில் தாள் வீணாகக் கூடாது. ஒரு பக்கம் எழுதியதன் முதுகிலும் எழுதியாக வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது: ஊர்ப் பெரிய மனிதர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்துக்கொள்வது. சித்திரையில் மில் முதலாளி பூதலிங்கத்துக்கு நெஞ்சுவலி வந்தபோது கோமதிநாயகம் அவருக்கு ஓர் அருமையான இரங்கலை எழுதி வைத்தார். மனிதர் பிழைத்து வந்துவிட்டார். தாள் பீரோவில் தங்கிவிட்டது. ஆவணியில் அதே பூதலிங்கம் அரசு மருத்துவமனைக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தார். அந்தச் செய்தியை, அதே ஆளின் தாள் தானே என்ற நியாயத்தில், இரங்கலின் முதுகில் எழுதினார் கோமதிநாயகம். எழுதியவர், பக்கத்தில் நின்ற காமிராக்காரரிடம் ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லிக்கொண்டே தாளைத் திருப்பி ஒட்டிவிட்டார்.

குழல்வாய்மொழி வாசித்தாள். இருபத்துநான்கு வயது, குற்றாலத்துப் பக்கத்துப் பெண். அவள் குரலுக்காகவே செய்தி கேட்டவர்கள் உண்டு. “பிரபல ஆலை அதிபரும் கொடைவள்ளலுமான திரு. பூதலிங்கம் அவர்கள் காலமானார்” என்று அவள் சொன்னபோது, பூதலிங்கம் தம் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணி ஆறு நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது.

“நான் பூதலிங்கம் பேசுதேன்.”

“எந்தப் பூதலிங்கம்?” என்றார் எடுத்த கோமதிநாயகம்.

“செத்துப்போன பூதலிங்கம். ஏன்வே, அந்தப் போட்டோதானா கெடச்சுது உமக்கு? வீட்ல நல்ல போட்டோ இருக்கு. ஆள் அனுப்பிக் கேட்டிருந்தா குடுத்திருப்பேம்லா?”

இதுவரைக்கும் இது சிரிக்கிற கதை. நாற்பத்தெட்டு வருஷமாகக் கோமதிநாயகம் கல்யாண வீடுகளில், ஓய்வூதியர் சங்கத்தில், முடிதிருத்தகத்தில் எங்கு சொன்னாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார். எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைவார்கள்.

மிச்சம் இது. பதினோராம் நாள் விசாரணை நடந்தது. கோமதிநாயகத்தை அந்த மாதம்தான் வேலையில் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். “என்னப்பா நடந்தது?” என்று நிறுவனர் கேட்டதும் வழக்கம்போல முதலில் ஒரு வேடிக்கையைச் சொன்னார்: “ஐயா, எமதர்மனுக்கே நாமதான் முந்திச் செய்தி குடுத்திருக்கோம்.” நிறுவனர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் ஈரம் காய்வதற்குள் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது: சுருள் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைதான் சுருளைப் பார்க்காமல் மேஜையில் கிடந்த ஏதோ காகிதத்தை எடுத்து வாசித்துவிட்டது. குழல்வாய்மொழி எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தத் தாளைக் கோமதிநாயகம் ஏற்கெனவே பசைச் சட்டியில் போட்டுக் கரைத்திருந்தார். செய்தி பதிவான நாற்பத்துமூன்றாம் நம்பர் டேப்பை, விசாரணைக்கு முந்தின சனிக்கிழமையே அழிக்க வேண்டிய டேப்புகளின் பட்டியலில் அவரே எழுதிப் போட்டிருந்தார். இருந்ததே அறுபது டேப். அழித்து அழித்துப் பதிவதுதான் வழக்கம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் பூதலிங்கம் நிஜமாகவே இறந்துபோனார்.

அவளுக்குக் கருநாக்கு என்றது ஊர்.

*

இப்போது கோமதிநாயகத்துக்கு எழுபத்தாறு. பஃறுளி டிவிக்கு ஐம்பது. கல்யாண மண்டபத்து மாடியில் தொடங்கி, நான்கு அலைவரிசையாகி, சென்னைக்காரர்களிடம் கைமாறி, டிவி பார்க்கும் ஜனமே அற்றுப்போன காலத்தில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்திருந்தது. பொன்விழாவுக்கு நிறுவனத்தின் வரலாற்றைப் படமாக்குகிறார்கள், வந்து போகவும் என்று அழைப்பு. முதல் மூன்று வருஷத்து ஊழியர்களில் எழுந்து நடமாடி, கூப்பிட்டால் வருகிறவர் அவர் ஒருவர்தான் என்று சொன்னபோது, பரிசு வாங்கின மாதிரி முகம் மலர்ந்தது அவருக்கு.

ஜெசிந்தா என்ற நடுவயதுப் பொறியாளர் அவரை உட்கார வைத்தாள். மேஜைமேல் மாவு அரைக்கும் எந்திரம் மாதிரி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

“இதுக்குப் பேரு பெருசா ஒண்ணு இருக்கு சார். நாங்க தோண்டின்னு சொல்லுவோம். அழிச்ச டேப்புக்கு அடியில இருக்கதத் தோண்டி எடுக்கும்.”

“அழிச்சதுக்கு அடியில என்னம்மா இருக்கும்? நாங்க நல்லாத்தானே அழிச்சோம்.”

“சுவருக்கு வெள்ளையடிக்காங்கல்லா? பத்துத் தடவை அடிச்சாலும் மூலையில பழைய கலர் எட்டிப் பார்க்கும்லா? அதே மாதிரிதான். ஒவ்வொரு தடவை பதியும்போதும் ஒரு மயிரிழை தள்ளித்தான் பதியும். அந்த ஓரத்துல பழசு ஒட்டிக்கிட்டிருக்கும்.”

“எவ்வளவு கிடைக்கும்?”

“நூத்துக்கு எழுபது. மிச்சம் ஓட்டை. அந்தக் காலத்துக் கடிதம், ரிப்போர்ட்டு எல்லாத்தையும் படிச்சிட்டு, இப்படித்தான் நடந்திருக்கும்னு தோண்டியே ஓட்டையை அடைச்சிரும். அன்னைக்கு நேர்ல இருந்தவங்க ஒருத்தர் பார்த்து ஆமான்னு சொன்னா முத்திரை விழும். அதுக்குப் பிறகு எது தோண்டுனது, எது அடைச்சதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

“அப்ப, சாகாம இருக்கவன் சொல்லுததுதான் சரித்திரம்?”

“எப்பவும் அப்படித்தானே சார்” என்றாள் ஜெசிந்தா. சிரிக்கவில்லை.

அவள் முதலில் எடுத்தது நாற்பத்துமூன்றாம் டேப். திரையில் மேலடுக்கு விரிந்தது: பிரண்டைத் துவையல் அரைக்கும் ஓர் அம்மாள். ஜெசிந்தா ஒரு குமிழைத் திருக, அம்மாள் கரைந்து தேரோட்டம் வந்தது. தேர் கரைந்து பட்டிமன்றம். பட்டிமன்றத்தில் எல்லோரும் வாயை அசைத்தபடியே மங்கிப் போக, அவர்களுக்கு அடியிலிருந்து, கிணற்றுத் தண்ணீருக்குள் முகம் தெரிவது மாதிரி, பச்சைச் சேலையில் குழல்வாய்மொழி மேலே வந்தாள்.

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

“வணக்கம். செய்திகள்” என்றாள் அவள்.

மழை, நெல் கொள்முதல், பேருந்து நிலையத்துக்குப் புதுக் கூரை. பிறகு படம் கலைந்தது, குரலும் போயிற்று. ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்கு வினாடிக்கு ஒன்றாக, சின்னதாய், ஓர் உறிஞ்சல்.

“சொல்லு பூரா அழிஞ்சிட்டு சார். மூச்சு மட்டும் மிஞ்சியிருக்கு. அது ஏன்னு எங்களுக்கும் தெரியல.”

கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது. அவள் ஒரே மூச்சில் வாசித்து வரிக்கடைசியில் திணறுவாள். அதனால் அவளுக்கு எழுதும் சுருளில் மட்டும், மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் அவர் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். யாரும் வைக்கச் சொல்லவில்லை. ‘ஆலை அதிபரும்’, புள்ளி. ‘கொடைவள்ளலுமான’, புள்ளி. இப்போது இருட்டுத் திரையிலிருந்து அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டன.

“இப்ப தோண்டி அடைச்சதைப் பாருங்க.”

படம் பளிச்சென்று வந்தது. குழல்வாய்மொழி வாசிக்கிறாள். சட்டென்று கண்ணாடியிலிருந்து பார்வையை விலக்குகிறாள். வலது கையை நீட்டுகிறாள், வளையல் பளபளக்கிறது. மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறாள். அலட்சியமாக அதைப் பார்த்து, “காலமானார்” என்கிறாள்.

“இது… இதுக்கு எங்க போச்சு இந்த எந்திரம்?”

“விசாரணை அறிக்கை இருக்கு சார், செப்டம்பர் ரெண்டாம் தேதி. ‘சாட்சி: கோ. கோமதிநாயகம், சுருள் எழுத்தர்.’ நீங்கதானே?”

அவர் அன்று சொன்னது ஒரே ஒரு வரிப் பொய். அதற்குக் கை இல்லை, விரல் இல்லை. நாற்பத்தெட்டு வருஷம் கழித்து ஓர் எந்திரம் உட்கார்ந்து அதற்குச் சதை வைத்து, நிறம் பூசி, வளையலும் போட்டுவிட்டிருந்தது. அலட்சியத்தைக்கூட அதுவே சேர்த்திருந்தது.

“ஆமாவா, இல்லையா சார்? வெள்ளிக்கிழமை விழா.”

“டிவியில வேலை பார்த்தவன்கிட்ட இப்படி நேரா கேட்கப்படாதும்மா. ஒரு சின்ன விளம்பர இடைவேளை…”

ஜெசிந்தா காத்திருந்தாள். தம் வேடிக்கைக்குச் சிரிக்காத ஆட்களை அவர் வாழ்க்கையில் அதிகம் சந்தித்ததில்லை.

“இது நடக்கல” என்றார். “தாளைத் திருப்பி ஒட்டுனது நான்.”

சொன்ன பிறகு கூரை இடிந்து விழவில்லை. தோண்டி அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா குமிழிலிருந்து கையை எடுத்தாள். “எழுத்துல இருக்கத மாத்தணும்னா ரெண்டு சாட்சி வேணும் சார். அந்த அம்மா இலஞ்சியில இருக்காங்க. நான் மூணு தடவை பேசுனேன். பஃறுளி டிவின்னதும் போனை வச்சிட்டாங்க. அவங்க வந்து சொல்லலன்னா வெள்ளிக்கிழமை இந்தப் படந்தான் ஓடும். பெறகு அதுதான் நடந்தது.”

*

ஓட்டுநர் இல்லாத பேருந்தில் தென்காசி போய், அங்கிருந்து இலஞ்சி. வழியெல்லாம் பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாமல் கோமதிநாயகம் தமக்குள்ளேயே ஒத்திகை பார்த்தார். முதலில் ஒரு வேடிக்கை. அவள் சிரித்தால் விஷயம். சிரிக்காவிட்டால் இன்னொரு வேடிக்கை. நான்கு கையிருப்பு இருந்தது.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க வெள்ளை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கோமதிநாயகம் அண்ணாச்சியா? இன்னும் சாகலியா நீங்க?”

“நீங்க வாசிச்சாத்தானே!”

வாய் முந்திக்கொண்டுவிட்டது. கையிருப்பில் இல்லாத ஐந்தாவது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. குழல்வாய்மொழியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

“மாறவே இல்ல நீங்க. உள்ள வாங்க, நனையாதீய.”

சுவரில் வரிசையாகக் கேடயங்கள். முப்பது வருஷத்தில் மாவட்டத்தில் முதலிடம் பிடித்த இன்சூரன்ஸ் முகவர் என்று பதினாறு தடவை.

“பார்க்கீயளா? எல்லாம் நீங்க குடுத்தது. இந்தம்மா வாயில விழுந்தா பலிச்சிரும்னு பேரு. வாசல்ல போய் நின்னு, ‘மனுசன் வாழ்க்கை நெலையில்லல்லா அண்ணாச்சி’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பேனாவத் தேட ஆரம்பிச்சிருவாவ.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு பாதியில் நிறுத்தினார்.

“கல்யாணத்துக்கு மூணு எடம் வந்துச்சு. ஒரு வீட்ல நேராவே கேட்டாவ, நல்ல நாள் பொழுதுல இந்தப் பொண்ணு வாயத் தொறக்காம இருக்குமான்னு. அது கெடக்கு. என் தங்கச்சி கழுத்துல தாலி ஏறுத நேரம் நான் பந்திச் சாமான் ரூம்ல வாழைக்காய் எண்ணிக்கிட்டிருந்தேன். யாரும் போகச் சொல்லல. நானாத்தான் போனேன்.”



தோண்டியோடு இணைத்து ஜெசிந்தா கொடுத்தனுப்பியிருந்த திரைப் பலகையை அவர் எடுத்து மேஜைமேல் வைத்தார். படத்தை ஓட விட்டார். தோண்டி என்ன, முத்திரை என்ன, வெள்ளிக்கிழமை என்ன என்று எல்லாவற்றையும் சொன்னார். தாளைத் திருப்பி ஒட்டியதை, பசைச் சட்டியை, டேப் பட்டியலை. ஒரு வேடிக்கைகூட வரவில்லை.

குழல்வாய்மொழி தன் இருபத்துநான்கு வயது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருந்திருக்கேன், என்ன” என்றாள். கை நீண்டு காகிதத்தை எடுத்தது. “இது என் கையில்ல. நாங்க எங்க வளையல் போட்டோம்? மைக்குல கிலுகிலுன்னு விழும்னு நீங்கதானே ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில வச்சிக்கிட்டு எல்லார் வளையலையும் கழட்டி வாங்குவீய?”

“ஆமா.”

“இந்த எந்திரத்துக்கு அதுகூடத் தெரியல.”

ஓட்டை அடைக்காத பதிவைப் போட்டார். இருட்டுத் திரையிலிருந்து மூச்சு வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூன்றாவது மூச்சில் அவளும் அறியாமல் அதே இடத்தில் மூச்சு வாங்கினாள்.

“செவப்புப் புள்ளி” என்றாள்.

“உங்களுக்காகத்தான் வச்சேன்னு அப்பவே தெரியுமா மொழி?”

“நான் வாசிச்சது உங்க கையெழுத்தத்தானே. தெரியாமப் போகுமா?” அவள் பலகையை மெல்லத் தள்ளி வைத்தாள். “இன்னொண்ணும் சொல்லுதேன் கேளுங்க. அன்னைக்கு மத்தியானம் ஆம்புலன்ஸ் விழாவுல தொகுத்துப் பேசுனது நான். பூதலிங்கம் முதலாளி என் கண்ணு முன்னாலதான் கொடியசைச்சாரு. சாயங்காலம் சுருள்ல காலமானார்னு வருது. பொய்யா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. மத்தியானம் இருந்த மனுசன் போயிட்டாரேன்னு நெஞ்சு அடைச்சுது. வாசிச்சிட்டேன். ஏன்னா, நீங்க எழுதுனதுல்லா அது. நீங்க எழுதுனது அதுவரைக்கும் ஒரு நாள் பெசகுனதில்ல.”

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

“விசாரணையில ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீயன்னு நெனச்சேன். பதினோரு நாளும் நெனச்சேன். அன்னைக்கு அந்த ரூம்ல நீங்க வாயத் தொறந்ததும், சரி, சொல்லப் போறாருன்னே நெனச்சேன். எமதர்மன்னு ஆரம்பிச்சீய.”

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்றே நினைத்தார். கருப்பட்டிக் காப்பி இரண்டு தம்ளருடன் வந்தாள்.

“என்ன சொல்லணும் இதுல?”

“நடந்ததச் சொன்னாப் போதும்.”

குழல்வாய்மொழி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முதுகு நிமிர்ந்தது. பலகையை நேராகப் பார்த்து, நாற்பத்தெட்டு வருஷமாக யாரும் கேட்காத குரலில் வாசிக்க ஆரம்பித்தாள். எதிரில் எழுத்து ஒன்றும் ஓடவில்லை.

“வணக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆகஸ்ட் இருபத்திரண்டாம் நாள் மாலைச் செய்தியில், நான் வாசித்தது சுருளில் இருந்ததை மட்டுமே. சுருளை எழுதி ஒட்டியவர் திரு. கோமதிநாயகம். திரு. பூதலிங்கம் அப்போது நலமாக இருந்தார். செய்திகள் முடிந்தன.”

எங்கெங்கே அவர் புள்ளி வைத்திருப்பாரோ, அங்கங்கே மூச்சு வாங்கினாள்.

பலகையில் படம் அலைந்து மறுபடி சேர்ந்தது. நீண்ட கை பின்வாங்கியது. வளையல் மறைந்தது. பச்சைச் சேலைக்காரி கண்ணாடியையே பார்த்தபடி வாசித்தாள். புருவத்தின் நடுவே மட்டும் ஒரு சின்னச் சுளிப்பு. செத்தவருக்காகப் பட்ட வருத்தம் அது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. ஓரத்தில் முத்திரை விழுந்தது.

காப்பி ஆறிப்போயிருந்தது. கிளம்ப எழுந்தவர் வாசற்படியில் நின்றார். குடையை விரித்தார், மடக்கினார். மனைவி, மக்கள், நிறுவனர், நண்பர்கள் என்று இத்தனை வருஷமும் அவர் எதைக் கேட்டாலும், எல்லோரும் ஒரு சிரிப்பில் சுற்றித்தான் பதிலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்ட விதம் அப்படி.

“மொழி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இதுல வேடிக்கை இல்ல.”

“கேளுங்க.”

“என்னை மன்னிச்சிட்டியளா?”

அவள் சாரலைப் பார்த்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள். அவசரப்படவில்லை, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“இல்ல அண்ணாச்சி. மன்னிக்கல.”